மலிவான மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: என் அம்மா தினமும் நான்கு மருந்து சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின், வயிற்று அமிலத்துக்கு எசோமெப்ரசோல், வலிப்புக்கு ஃபெனிட்டாயின். மாதச் செலவு கட்டுப்படியாகவில்லை. விலை குறைந்த ஜெனரிக் மருந்து, அதாவது காப்புரிமை தீர்ந்த பிறகு மற்ற கம்பெனிகள் செய்யும் அதே மருந்து, அதே போல வேலை செய்யுமா?

பதில்: முதல் மூன்றும் செய்யும், தாராளமாக மாறுங்கள். நான்காவதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஜெனரிக்கில் வீரியம் குறைவு என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 1996 முதல் 2007 வரை வந்த 2,070 ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பில் சேர்ந்த மருந்தின் அளவில் ஜெனரிக்குக்கும் முதலில் கொண்டுவந்த கம்பெனியின் மருந்துக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான். முறையான அனுமதி பெற்ற தயாரிப்பா என்று மட்டும் பாருங்கள்.

எசோமெப்ரசோல் விஷயத்தில் இன்னும் சிக்கனம் இருக்கிறது. ஒமெப்ரசோல் என்ற பழைய மருந்தில், இடது கையும் வலது கையும் போல இரண்டு வடிவங்கள் கலந்திருக்கும். அதில் ஒன்றைப் பிரித்தெடுத்ததுதான் எசோமெப்ரசோல். ஒமெப்ரசோலின் காப்புரிமை தீரும் 2001-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பழையதே போதும். அம்மாவுக்கு அந்த மாத்திரை இன்னும் தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். எப்போதோ ஒரு வயிற்று வலிக்கு ஆரம்பித்ததை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் அதிகம் பயப்படுவது கடை மேஜையைத்தான். 'அதே மருந்துதான்' என்று சொல்லி, லாபம் கூடுதலாக வரும் கூட்டு மாத்திரையைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அம்லோடிபினும் அட்டார்வாஸ்டாட்டினும் சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கிறது. அம்மா அதையும் தனி அம்லோடிபினையும் சேர்த்துச் சாப்பிட்டால் கால் வீங்கும், தலை சுற்றும். சில அட்டைகளில் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மருந்தின் பெயர் பொடி எழுத்தில். வயசானவர்கள் சாப்பிடும் பொருளை இப்படியா அச்சடிப்பது! மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். கடையில் அதை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக ஒரு பெயர் இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

சரி, ஃபெனிட்டாயின். வடிகால் ஓர் அளவுக்கு மேல் வாங்காத தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு வரை தண்ணீர் வடிந்துவிடும். அப்புறம் ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றினாலும் மட்டம் மளமளவென்று ஏறும். கல்லீரல் இந்த மருந்தை அப்படித்தான் கையாளுகிறது. 1968-இல் ஆஸ்திரேலியாவில், ஃபெனிட்டாயினின் அளவை மாற்றாமல் கேப்ஸ்யூலில் இருந்த நிரப்புப் பொருளை மட்டும் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். ரத்தத்தில் மருந்து ஏறி, நோயாளிகள் பலர் நச்சு அறிகுறிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குறைந்தாலும் ஆபத்துதான், வலிப்பு திரும்பும்.

அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரே கம்பெனியின் ஃபெனிட்டாயினையே வாங்குங்கள். அது ஜெனரிக்காகவே இருக்கலாம், ஆனால் மாறக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்றிய சில வாரங்களில் ரத்தத்தில் மருந்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் அம்மா தள்ளாடி நடந்தாலோ, கண் தானாக ஆடினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.