கூத்துக்கு எதற்குக் கூரை? – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் ஆர்க்கிடெக்சர் ஐந்தாம் ஆண்டு மாணவி. என் தீசிஸுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்துக்கான பண்பாட்டு மையம் ஒன்றை வடிவமைக்கிறேன். அம்மாவின் ஊர் அது. இரண்டரை ஏக்கரில் அறுநூறு இருக்கை கொண்ட அரங்கம், அருங்காட்சியகம், பயிற்சிக் கூடங்கள், ஆய்வாளர்கள் வந்து தங்க எட்டு அறைகள் என்று போட்டிருக்கிறேன். அரங்கத்தின் கூரைக்குக் கேரளக் கோயில்களில் இருக்கும் நாடகக் கூடமான கூத்தம்பலம்தான் மாதிரி. சுவருக்குச் சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கட்டி. சோலார் பேனல், மழைநீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் உண்டு.

போன ரெவ்யூவில் ஜூரியில் ஒருவர் ஷீட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது பொருள்களின் பட்டியல். இதில் சஸ்டெய்னபிலிட்டி எங்கே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் கட்டட வேலையில் இருந்தவர், கூத்தும் பார்க்கிறவர் என்பதால் கேட்கிறேன். மண் கட்டியைவிட நல்ல பொருள் எதையாவது நான் தேட வேண்டுமா? இன்னொன்று, "எப்படியும் யாரும் கட்டப்போவதில்லை, எதற்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்கிறாய்" என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் சொல்வதும் சரிதானோ என்று இருக்கிறது. ஷீட்டுகளை இணைத்திருக்கிறேன்.

(பெயரும் கல்லூரியும் நீக்கப்பட்டுள்ளன)

அன்புள்ள மாணவிக்கு,

ஷீட்டுகளைப் பார்த்தேன். செக்‌ஷன் வரைவதில் உங்களுக்கு நல்ல கை இருக்கிறது. நான் கட்டடக் கலைஞன் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் சைட்டில் மேற்பார்வை பார்த்தவன், பிறர் வரைந்ததைக் கட்டியவன். சாரத்துக்கு அடியில் நின்று பார்த்தவனுடைய அபிப்பிராயமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஊரில் சமுதாயக் கூடம் கட்டினோம். தட்டையான கான்கிரீட் கூரை, நான்கு பக்கமும் சுவர், இரும்பு ஷட்டர். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். விழா முடிந்ததும் எல்லோரும் எழுந்து எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம், உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல இருந்தது. நாலு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஷட்டர் பூட்டியிருந்தது. சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். சன்ஷேடு நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. ஊர்க்கூட்டம் வழக்கம்போல வேப்பமரத்தடியில்தான். அதில் போன சிமெண்ட் மூட்டைக்கெல்லாம் கணக்கு எழுதியவன் நான்.

அதனால் எனக்கு ஒரு கட்டடத்தின் ஷீட்டைப் பார்த்தால் சுவர் எதனால் ஆனது என்று கேட்கத் தோன்றுவதில்லை. சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்கத் தோன்றும். உங்கள் ஜூரி கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அறுநூறு இருக்கை அரங்கத்தில் வருடத்துக்கு எத்தனை ராத்திரி கூத்து நடக்கும்? தாராளமாக இருபது என்று வைப்போம். மற்ற நாளெல்லாம் இருட்டாகக் கிடக்கப்போகிற கட்டடத்தின் மேல் சோலார் பேனல் வைத்து எதை மிச்சம் பிடிக்கிறோம்? அந்த மாதிரிக் கட்டடத்தின் செலவு, பூமிக்கு ஆகும் செலவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பெரும்பாலும் கட்டும்போதே ஆகிவிடுகிறது. நடுவில் தூணில்லாத பெரிய கூரைக்கு இரும்புச் சட்டம், சட்டத்தைத் தாங்க ஓரத்தில் கான்கிரீட் தூண், தூணுக்கு அடியில் அஸ்திவாரம். சிமெண்ட் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுப்பது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகையைவிடக் கல் வெந்து விடுகிற கரியமில வாயு அதிகம். உலகம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சுவரில் மண் கட்டி வைத்து மிச்சம் பிடித்ததை உங்கள் கூரை ஒரே நாளில் விழுங்கிவிடும். அடைத்த அரங்கம் என்றால் அப்புறம் ஏசியும் வரும்.

சரி, கூத்துக்கு வருகிறேன். கூத்தம்பலத்தை ஏன் எடுத்தீர்கள் என்று புரிகிறது. அழகான கட்டடம். திருச்சூர் வடக்குந்நாதன் கோயிலில் உள்ளதைப் பார்த்துவிட்டு நானும் அரை நாள் வெளியே வராமல் இருந்திருக்கிறேன். ஆனால் அது கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்துக்கானது. நிலவிளக்கு வெளிச்சத்தில், நடிகரின் கண் அசைவைக்கூடத் தவறவிடாமல், கொஞ்சம் பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கலை. நம் கூத்து நேர் எதிர். திரைக்குப் பின்னாலிருந்து பாடும்போதே கடைசி வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்கார வேண்டும். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம் எல்லாம் தூரத்திலிருந்து தெரிவதற்காகத்தான். மூன்று பக்கமும் ஜனம் தரையில் பாய் விரித்து உட்காரும். நடுராத்திரியில் பாதிப்பேர் படுத்துவிடுவார்கள், கோமாளியான கட்டியங்காரன் வந்தால் எழுந்துகொள்வார்கள். உங்கள் நாற்காலியில் எப்படிப் படுப்பது? அர்ஜுனன் தபசு அன்று வேஷக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். அதற்கு உங்கள் கூத்தம்பலக் கூரையில் எந்த இடத்தில் ஓட்டை போடப்போகிறீர்கள்?

அப்படியானால் அந்த ஊரில் கட்ட எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஒரு ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, இரண்டு நாள் சுற்றிப் பாருங்கள். விடிய விடிய ஆடிவிட்டு வருகிறவர்களுக்குப் பகலில் படுக்க நல்ல இடம் கிடையாது. பள்ளிக்கூட வராந்தாவில் ஈ மொய்க்கப் படுத்திருப்பார்கள். முகத்தில் அரிதாரம் கலைக்கத் தண்ணீர் வேண்டும். ஒப்பனைக்கு நல்ல வெளிச்சம் உள்ள ஒரு இடம் வேண்டும். கட்டை அணிகள் இருக்கிற பெட்டியைக் கரையானும் மழையும் அண்டாமல் வைக்க ஓர் அறை வேண்டும். ஐப்பசி மழையில் கூத்து இல்லாத மாதங்களில்தான் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தர நேரம் கிடைக்கும், அதற்கு ஒரு கொட்டகை. பார்க்க வருகிற பெண்களுக்கு ராத்திரி மூன்று மணிக்குப் போக ஒரு கழிப்பறை. இது எந்தப் பண்பாட்டு மையத்தின் திட்டத்திலும் முதல் பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. இது இல்லாததால்தான் பாதிப் பெண்கள் ராத்திரி பத்து மணிக்கே வீட்டுக்குப் போகிறார்கள். ஆட்டம் மட்டும் திறந்த களத்திலேயே நடக்கட்டும். களத்தின் மண்ணை நன்றாகக் கெட்டித்து, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்து, சுற்றிலும் வேம்பும் புங்கமும் வைத்தால் போதும். அறுநூறு இருக்கை போய்விடும், கான்கிரீட்டில் முக்கால்வாசியும் போய்விடும். மிச்சமிருக்கிற சின்னக் கட்டடங்களுக்கு உங்கள் மண் கட்டி கச்சிதமாகப் பொருந்தும்.

நண்பர்கள் கேட்ட கேள்விக்கு ருத்ராபூர் நல்ல பதில். வங்கதேசத்தில் தினாஜ்பூர் மாவட்டத்துக் கிராமம். அன்னா ஹெரிங்கர் என்ற பெண் பத்தொன்பது வயதில் அங்கே போய்த் தீப்சிகா என்கிற தொண்டு நிறுவனத்தோடு ஒரு வருடம் இருந்தார். பிறகுதான் ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தில் ஆர்க்கிடெக்சர் படித்தார். இறுதியாண்டு தீசிஸுக்கு அதே ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வரைந்தார். உங்களைப் போலவே ஷீட்டில் இருந்த கட்டடம்தான். 2005-இல் அதை ஊர்க்காரர்களோடு சேர்ந்து கட்டினார்கள். 2007-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

விருதை விடுங்கள், கட்டிய விதம்தான் நமக்கு முக்கியம். அந்த ஊரில் மண்வீடு புதிது அல்ல, ஆனால் அஸ்திவாரமும் ஈரத்தடுப்பும் இல்லாததால் அடியில் ஈரம் ஏறி சீக்கிரம் கெட்டுவிடும். ஹெரிங்கர் மண்ணைக் கைவிடவில்லை. அடியில் செங்கல் அஸ்திவாரம் கொடுத்தார், அதன் மேல் ஈரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் விரித்தார். வைக்கோல் கலந்த மண்ணை மாடு விட்டு மிதித்து, ஒரு வரிசை ஏற்றி, காயவிட்டு, மண்வெட்டியால் ஓரம் செதுக்கி, அடுத்த வரிசை. மாடிக்கு மூங்கில். மேலே தகரம்தான், மழையில் சுவர் நனையாதபடி அகலமாக இறக்கியிருக்கிறார்கள். இதில் எதையும் வெளியூர் மேஸ்திரி வந்துதான் பழுது பார்க்க வேண்டும் என்றில்லை. உள்ளூர்க்காரனுக்கு ஏற்கெனவே முக்கால்வாசி தெரிந்த வேலையில், தெரியாத கால்வாசியை மட்டும் சேர்த்தார். மாணவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். பிளாஸ்டிக் தாளையும் தகரத்தையும் பார்த்து முகம் சுளிக்கிற பசுமைவாதிகளை எனக்குத் தெரியும். அவர்கள் மழைக்காலத்தில் மண்சுவருக்குக் கீழே படுத்ததில்லை.

கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரேயின் கதை இன்னும் பிரபலம். மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோவில் தன் சொந்த ஊரான காண்டோவுக்குப் பள்ளி கட்டியபோது அவரும் பெர்லினில் மாணவர்தான். 2001-இல் பள்ளி முடிந்தது, பட்டம் அதற்குப் பிறகு. ஜெர்மனியில் படித்தவன் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டுவருவான் என்று எதிர்பார்த்த ஊருக்கு மண் என்றதும் ஏமாற்றம். அவர்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. செய்யாறிலும் அதேதான் நடக்கும், தயாராக இருங்கள். காங்கிரீட் வீடு கட்டியவன்தான் முன்னேறியவன் என்று நம்புகிறவர்களிடம் போய் மண்ணின் பெருமையைப் பேசினால், "நீ மட்டும் ஏசி ரூமில் இரு, நாங்கள் மண்ணிலேயே கிடக்கிறோம்" என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மண் கட்டியைப் பற்றிக் கேட்டீர்களே. இதைவிட நல்ல பொருளைத் தேட வேண்டாம். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பார்த்திருப்பீர்கள், சுமார் 5 சதவீதம் சிமெண்ட், இயந்திரத்தில் அழுத்தி, நாலு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து எடுப்பது. சூளை கிடையாது. ஆனால் அது உங்கள் சைட்டு மண்ணில் வருமா? ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அப்படியே வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே என்று அடுக்காக நிற்கும். களி மிக அதிகமாக இருந்தால் கட்டி வெடிக்கும், மணல் கலக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி லாரியில் செம்மண் வரவேண்டும் என்றால், பக்கத்தில் சூளை இருக்கிற ஊரில் கேரளத்தில் சிக்கனமாக வீடு கட்டிக் காட்டிய லாரி பேக்கரின் முறையில் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் காற்று விட்டுக் கட்டுவதே மேல். செங்கல் கால்வாசி மிச்சம், வெயிலும் அவ்வளவு இறங்காது. உங்கள் பதினெட்டு ஷீட்டில் இந்தப் பாட்டிலின் போட்டோ ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு ஷீட் போடுங்கள். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரில் பெரிய மசூதி ஒன்று இருக்கிறது, முழுக்க மண். இப்போது இருக்கிற கட்டடம் 1907-இல் கட்டியது. சுவரெங்கும் பனங்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்கு மட்டும் அல்ல, அதுதான் நிரந்தரச் சாரம். வருடா வருடம் ஊரே திரண்டு அதில் ஏறிப் புதிதாக மண் பூசும். அந்த நாள் அங்கே திருவிழா. நம்மிடம் ஏரிக்குக் குடிமராமத்து இருந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்திவிட்டுப் போவார்கள். பூச்சு உதிர்வது குறையில்லை, உதிரும்போது பூச வருகிறவர்கள் இருக்கிறார்களா என்பதே கணக்கு. உங்கள் கொட்டகைக்குப் பங்குனியில் கொடியேற்றத்துக்கு முன்னால் யார் மெழுகுவார்கள், மண் எந்த ஏரியிலிருந்து எடுப்பார்கள், அன்றைக்குச் சாப்பாடு யார் வீட்டில் என்பது வரைக்கும் எழுதுங்கள். ஜூரி சிரித்தால் சிரிக்கட்டும்.

இதற்கு உங்கள் அம்மாவின் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சைட் அனாலிசிஸில் அதைக் காணோம். பாரதம் முடிகிற அன்று படுகளம் என்கிற போர்க்களக் காட்சிக்கு மண்ணால் துரியோதனன் செய்வார்களே, மல்லாக்கப் படுத்தபடி, மீசையும் கிரீடமும் வைத்து? காலையில் வேஷக்காரர்கள் அதைச் சுற்றித்தான் ஓடுவார்கள், அதன் மேலேறியும் ஆடுவார்கள். தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அடுத்த மழையில் துரியோதனன் மறுபடி களத்து மண்ணாகிவிடுவான். அடுத்த வருடம் அதே இடத்தில், அதே மண்ணில், வேறு கைகள் மறுபடி செய்யும். சிமெண்ட் கிடையாது, டெண்டர் கிடையாது.

இந்த முறை திருவிழாவுக்குப் படுகளத்துக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். வடிக்கிறவர்கள் எங்கிருந்து மண் எடுக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், கழுத்து வெடிக்காமல் இருக்க என்ன கலக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு பிளானும் செக்‌ஷனும் எடுங்கள். பையில் போட்டுத் திரிகிற ஐந்து மீட்டர் டேப் போதாது. முப்பது மீட்டர் டேப்பும், மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

அன்புடன்.