இரண்டரை ஏக்கர் மைதானம், ஒரே உடற்கல்வி இயக்குநர்: எத்தனை அணிகள் எடுக்கலாம்?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இவ்வாண்டு உடற்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றுள்ளேன். மாணவர்கள் 900 பேர். துறையில் நானும் ஒரு மைதான உதவியாளரும் மட்டுமே. பன்னிரண்டு விளையாட்டுகளிலும் அணி வேண்டும் என்கிறது நிர்வாகம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பன்னிரண்டு அணிகளின் பெயரை ஒருவர் பதிவு செய்துவிடலாம், பயிற்சி கொடுக்க முடியாது. இதை நிர்வாகத்திடம் வாயால் சொல்வதைவிட, மைதானத்தை அளந்து சென்ட் கணக்கில் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நம் பக்கத்துத் தாளாளர்களுக்கு நிலக் கணக்கு சட்டெனப் பிடிபடும். 400 மீட்டர் ஓடுதளத்துக்கு நாலு ஏக்கராவது வேண்டும். 105க்கு 68 மீட்டர் கொண்ட கால்பந்துத் திடல் ஒன்றே முக்கால் ஏக்கரை எடுத்துக்கொள்ளும். வாலிபாலுக்கோ, சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்ட் போதும். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10 மீட்டர் என்பதால், பெண்களுக்கான 12க்கு 8 மீட்டர் களத்தை அதற்குள்ளேயே போட்டுவிடலாம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாலிபால், கபடி, தடகளத்தில் எறிதலும் தாண்டுதலும் என்று நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

உங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் மேல்காற்றில் வெளியரங்க இறகுப்பந்து நடக்காது. அம்மியே பறக்கும் ஆடியில் இறகு எங்கே நிற்கும்? வாலிபால் களத்தின் நீளவாட்டை வடக்கு தெற்காக அமைத்தால் காற்று இரு அணிக்கும் பக்கவாட்டில் சமமாக வரும், மாலை வெயிலும் யார் கண்ணிலும் நேராக அடிக்காது.

மைதானத்தைவிட உங்களை அதிகம் சோதிக்கப்போவது வருகைப்பதிவு. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் பெரும்பாலும் முதல் பருவத்தில், அகமதிப்பீட்டுத் தேர்வுகளை ஒட்டியே வரும். நான் பணியில் சேர்ந்த புதிதில், போட்டி முடிந்து வந்த பிறகே துறைத்தலைவர்களிடம் ஓ.டி. கடிதம் (கல்லூரிக்காக வெளியே சென்ற நாள்களை வருகையாகக் கணக்கிடக் கோரும் 'ஆன் டியூட்டி' கடிதம்) கொடுப்பேன், அவற்றுள் இரண்டு பதிவேட்டில் ஏறாமலே போக, நல்ல கபடி வீரன் ஒருவன் 75 விழுக்காடு எட்டாமல் அந்தப் பருவத் தேர்வெழுத முடியாமல் நின்றான். தவறு முழுக்க என்னுடையது. அதன்பின் ஜூலை முதல் வாரத்திலேயே வீரர் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்து, முதல்வர் ஒப்பத்துடன் ஒவ்வொரு துறைத்தலைவரையும் நேரில் பார்த்துக் கொடுத்தேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு கடிதம், திரும்பிய மறுநாள் பங்கேற்புச் சான்றின் நகல் என்று வழக்கப்படுத்தியதும், எரிச்சலோடு பார்த்த வணிகவியல் துறைத்தலைவரே "அடுத்த ஆட்டம் எப்போங்க சார்?" என்று கேட்கத் தொடங்கினார். தகுதிப் படிவத்தையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு 25 வயது வரம்பு இருப்பதால், இடைவெளி விட்டுப் படிக்க வந்தவர்களின் பிறந்த தேதியைத் தனியே சரிபார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: அவசரத்துக்குக்கூடக் கைக்காசு போட்டு அணியை அழைத்துச் செல்லாதீர்கள், அந்தச் செலவு கணக்கில் வராததால், மறு ஆண்டு ஒதுக்கீட்டிலும் வராது.

பயிற்சி நேரத்தைக் கல்லூரிப் பேருந்து அட்டவணையை அருகில் வைத்துக்கொண்டே வகுக்க வேண்டும். நாலு மணிப் பேருந்தை விட்டால் கிராமத்து மாணவிகளுக்கு வேறு வழியில்லை. வீட்டிலும் மறுநாள் அனுப்ப யோசிப்பார்கள். காலைப் பேருந்து எட்டரைக்கு வந்து வகுப்பு ஒன்பதரைக்குத் தொடங்குமானால், அந்த இடைவெளியைப் பெண்கள் கபடிக்குக் கொடுத்துவிட்டு, மாலையை உள்ளூர் மாணவர்களின் வாலிபாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைதான உதவியாளர் எட்டு மணிக்கே தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருந்தால், உடைமாற்றும் நேரம் போக நாற்பது நிமிடமாவது ஆட்டத்துக்குக் கிடைக்கும்.