பேர் இருக்கப் பட்டம் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

ஊர், மொழி, நிறம், இனம் பார்த்து ஆளைக் கூப்பிடுவதால் வரும் மனக்கசப்புகள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு, பகுதியை மட்டும் தந்திருக்கிறோம்.

தண்டையார்பேட்டையில் ஓட்டல் நடத்துகிறேன். சமையல்கட்டில் வடமாநிலத்துப் பையன்கள் வேலை பார்க்கிறார்கள். ‘ஏ இந்திக்காரா, இங்க வா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஒரு பையன் முகத்துக்கு நேரே கோபித்துக்கொண்டான். அதே பையன்கள், வயதில் மூத்த என்னையே ‘நீ வா, நீ சொல்லு’ என்கிறார்கள். அது மட்டும் சரியா?

அவர்களில் எத்தனை பேருக்கு இந்தி தாய்மொழி என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சென்னைக்கு வேலைக்கு வருபவர்களில் ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள் நிறைய. ஒடிசாவிலிருந்து வந்தவர் வீட்டில் பேசுவது ஒடியா. தர்பங்கா, மதுபனி பக்கத்துப் பீகாரி பேசுவது மைதிலி. சந்தால் பழங்குடிப் பையன் என்றால் சந்தாலி. அவர்களில் பலருக்கு இந்தி, பள்ளியிலோ வேலைக்கு வந்த இடத்திலோ கற்றுக்கொண்டது. தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லோரையும் ‘மதராசி’ என்று ஒரே வார்த்தையில் சுருட்டினால் நமக்கு எப்படிச் சுருக்கென்று இருக்கிறதோ, ‘இந்திக்காரா’ என்றால் அவருக்கும் அப்படித்தான்.

இதைவிட மோசமான ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வங்காளம் பேசும் பையனை விளையாட்டுக்குக்கூட ‘பங்களாதேஷி’ என்று கூப்பிடாதீர்கள். அது ஊர்ப் பெயர் மாதிரி காதில் விழுந்தாலும், சட்டவிரோதமாக எல்லை தாண்டி வந்தவன் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. தெருவில் யாராவது கேட்டு நம்பிவிட்டால், போலீஸ் முன்னால் ஆதாரும் ஓட்டர் ஐடியும் காட்டி நிற்கப்போவது அவர்தான்.

அவர்கள் ‘நீ வா’ என்று சொல்வதற்கு வருவோம். இது நாம் கற்றுக்கொடுத்த பாடம். கட்டட வேலையிலும் ஓட்டல் சமையல்கட்டிலும் அவர்கள் காதில் விழும் தமிழ் ‘வா, போ, எடு, தூக்கு, கழுவு’ மட்டும்தான். ‘வாங்க’ என்று அவர்களிடம் யாரும் பேசியதில்லை. பேசாத சொல் எப்படித் திரும்பி வரும்? மரியாதை தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். வங்காளத்தில் துய், துமி, ஆப்னி என்று மூன்று படி உண்டு. ஒடியாவிலும் அப்படியே. இந்தியில் தூ, தும், ஆப். ‘ஆப்னிக்குப் பதிலாகத் தமிழில் ங்க சேர்க்கணும்’ என்று ஒரே ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். வாங்க, சொல்லுங்க, இருங்க, சரிங்க, கொண்டு வரேங்க. இந்த ஐந்தையும் சொல்லிக்கொடுங்கள். கையோடு நீங்களும் அவர்களிடம் அப்படியே பேசுங்கள். இல்லாவிட்டால் பாடம் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

‘பய்யா’ என்று அவர்கள் கூப்பிடுவதைப் ‘பையா’ என்று கேட்டுச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தியில் அது அண்ணன் என்று பொருள். அதே சொல்லை மும்பையில் உத்தரப்பிரதேச, பீகார் தொழிலாளர்களை இளக்காரமாகச் சுட்டவும் சொல்வார்கள். அதனால் நீங்கள் திருப்பி அவர்களைப் ‘பய்யா’ என்பதைவிடப் பெயர் சொல்வதே மேல்.

பெயரைக் கேட்கும்போது அவரையே இரண்டு முறை சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இந்தி ‘விகாஸ்’ வங்காளிக்குப் ‘பிகாஷ்’. கூட்ட நேரத்தில் நீளப் பெயர் கஷ்டம் என்றால் வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன என்று கேளுங்கள். வங்காளிகளுக்குப் பெரும்பாலும் வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர் என்று இரண்டு இருக்கும். ஆனால் வீட்டுப் பெயரைச் சொல்ல அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள், அது உறவுக்காரர்களுக்கான பெயர். வயதில் சின்னவர் என்றால் ‘தம்பி’ எல்லாச் சமயத்திலும் கைகொடுக்கும். ‘வடக்கன்’ என்பதை வாடிக்கையாளர் யாராவது சொன்னாலும், ‘அவர் பேர் பிகாஷுங்க’ என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். முதலாளி சொன்னால் மற்றவர்கள் அடங்குவார்கள்.

என் தம்பி ராயபுரத்திலிருந்து முதன்முறையாகச் சரக்குக் கப்பலுக்குப் போகிறான். கப்பலில் பல நாட்டுக்காரர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கும் போகுமாம். பேச்சில் என்ன கவனிக்க வேண்டும்?

கப்பலில் தப்பித்துப் போக இடம் கிடையாது. ஒரு சொல்லால் கெட்ட உறவோடு மாதக்கணக்கில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட வேண்டும். அதனால் இதை விரிவாகவே சொல்கிறோம்.

பழைய சென்னைத் தமிழில் ஆப்பிரிக்கரைக் ‘காப்பிரி’, ‘காப்பிலி’ என்பார்கள். ‘காஃபிர்’ என்ற அரபுச் சொல் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது அப்படி. இலங்கையில் புத்தளம் பக்கத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தங்களைக் காப்பிரியர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே அது ஒரு சமூகத்தின் பெயர். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அதே சொல், வாயால் உச்சரிக்கவே கூடாத வசை. அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கறுப்பினப் போலீஸ்காரரைத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018-ல் அங்கே சிறைத் தண்டனையே விதித்தார்கள். டர்பனில் தமிழில் பேசும்போதும் அது வாயில் வரக்கூடாது.

‘கூலி’ நமக்குச் சம்பளம். டர்பனில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு அது கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தாத்தா பாட்டிகள் மீது வீசப்பட்ட வசை. 1860-ல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன கப்பல் புறப்பட்டதே சென்னையிலிருந்துதான். அவர்களிடம் ‘உங்க தாத்தா கூலியா வந்தாரா?’ என்று ஆசையாகக் கேட்டாலும் தப்பாகிவிடும். ‘எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க?’ என்று கேட்கட்டும்.

‘கலர்ட்’ என்ற சொல் இன்னும் குழப்பமானது. தென்னாப்பிரிக்காவில் அது கலப்பு வம்சாவளிச் சமூகத்தின் பெயர். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஆட்களை வகை பிரித்தபோது அதை ஒரு வகையாக வைத்தது. 1991-ல் அந்தச் சட்டம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரை அப்படிச் சொன்னால் அவமதிப்பு.

‘நீக்ரோ’வை நம் பழைய பாடப் புத்தகங்களிலும் செய்தித்தாள்களிலும் சாதாரணமாக அச்சிட்டார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் அதுதான் மரியாதையான சொல். மார்ட்டின் லூதர் கிங்கே 1963-ல் மேடையில் சொல்லியிருக்கிறார். 1960-களின் கடைசியில் அந்த மக்களே அதைக் கைவிட்டார்கள். 2016-ல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்ட வாசகங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இன்று தமிழில் ‘கறுப்பினத்தவர்’ போதும். நைஜீரியர் என்று தெரிந்தால் நைஜீரியர். அவரை ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ என்பது தப்பு, அது அமெரிக்கர்களுக்கு மட்டும்.

‘தமிழில்தானே பேசுகிறோம், அவனுக்கென்ன தெரியும்’ என்ற நினைப்பு வேண்டாம். நீக்ரோ, சைனீஸ், பிலிப்பினோ போன்ற சொற்கள் எந்த மொழிப் பேச்சிலும் தனியாகக் காதில் விழும். கூடவே அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் மொழிபெயர்ப்பே தேவையில்லை. மெஸ்ஸில் மூன்றாவது ஆள் இருந்தால் எல்லோருக்கும் தெரிந்த மொழியில் பேசுவது நல்லது.

டெக்கில் ஒரு விஷயம். கயிறு இழுக்கும் எந்திரமான விஞ்சின் பக்கவாட்டில் கயிறு சுற்றும் உருளைக்குப் பழைய மாலுமிகள் சொல்லும் பெயரில் கறுப்பினத்தவரைத் திட்டும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூத்தவர் யாராவது அப்படிக் கற்றுக்கொடுத்தாலும், ‘வார்ப்பிங் டிரம்’ என்றே உங்கள் தம்பி சொல்லட்டும்.

அவனையே யாராவது இழிவாகப் பேசினால்? கப்பலுக்குள்ளேயே புகார் கொடுக்கும் முறை இருக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதி. அந்த முறை எழுதப்பட்ட தாளின் நகலை ஒவ்வொரு மாலுமிக்கும் தர வேண்டும். ஏறும் அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதி வைத்தால் புகார் வலுவாக நிற்கும்.

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருக்கிறது. ‘சட்டைக்காரங்க’ என்று சொன்னதற்கு அந்த அம்மா வருத்தப்பட்டார்கள். எங்கள் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தானே சொல்கிறோம்?

பாட்டி சொன்னது அவர்கள் முதுகுக்குப் பின்னால். அது காதில் விழுந்து விழுந்துதான் அந்த அம்மாவுக்கு வலி சேர்ந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 366-ஆவது பிரிவே ‘ஆங்கிலோ இந்தியர்’ என்ற பெயரைத் தந்து, தந்தை வழியில் ஐரோப்பிய வம்சாவளி, இந்தியாவில் நிலையாக வாழ்பவர் என்று வரையறுத்திருக்கிறது. அந்த ஐரோப்பியர் ஆங்கிலேயராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் வழியில் வந்தவர்களும் உண்டு. அதனால் ‘நீங்க எப்போ இங்கிலாந்து போவீங்க?’ என்ற கேள்வி இரண்டு விதத்தில் பிழை. பெரம்பூர் ரயில்வே பணிமனையில் தலைமுறைகளாக வேலை பார்த்த சமூகம் அது. அவர்களுக்கு ஊர் பெரம்பூர்தான்.

சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். குஜராத்திக் குடும்பம். ஆட்டோவில் ஏறினால் ‘சேட்டு வீடா?’, கடைக்குப் போனால் ‘மார்வாடியா?’ தமிழ் நன்றாகப் பேசினால் ‘பரவாயில்லையே, தமிழ் பேசறீங்களே!’ பாராட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது?

உங்கள் எரிச்சல் நியாயம். மார்வாடி என்றால் ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கத்து மார்வார் பகுதிக்காரர். குஜராத்தியும் சிந்தியும் மார்வாடி ஆகமாட்டார்கள். ‘சேட்டு’ வியாபாரிக்கான மரியாதைச் சொல்லாக வந்து, இங்கே அடகுக்கடையோடு ஒட்டிப்போனது.

எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சோர்ந்துபோவீர்கள். ஆட்டோக்காரரிடம் ‘நான் இந்தத் தெருதாங்க, மின்ட் ஸ்ட்ரீட்லயே பொறந்தேன்’ என்று ஒரு வரி போதும். தினமும் பார்க்கும் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் மட்டும் பெயர் சொல்லிப் பழக்குங்கள். மற்ற வாசகர்களுக்கு: ‘உங்க சொந்த ஊர் எது?’ என்று ஒரு முறை கேட்கலாம். ‘சௌகார்பேட்டை’ என்று பதில் வந்த பிறகு, ‘இல்ல, உண்மையான ஊர்?’ என்று இரண்டாவது முறை கேட்காதீர்கள். காயப்படுத்துவது அந்த இரண்டாவது கேள்வி.

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். மகள் ஓ.எம்.ஆர். கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். ‘நார்த் மெட்ராஸா? பார்த்தா தெரியலையே!’ என்கிறார்களாம். இப்போது ‘பெரம்பூர் பக்கம்’ என்று சொல்லிச் சமாளிக்கிறாள். கேட்க வயிறு எரிகிறது.

எரியத்தான் செய்யும். ‘பார்த்தா தெரியலை’ என்றால், பார்த்தால் தெரிகிற மாதிரி ஓர் உருவத்தை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த உருவத்தில் நிறமும் சாதியும் ரௌடி என்ற முத்திரையும் கலந்து கிடக்கின்றன.

நம் பகுதிக்கு இது புதிதுமல்ல. ஜார்ஜ் கோட்டைக்குள் தங்கள் குடியிருப்பை வெள்ளையர் நகரம் என்றும், வெளியே நம்மவர் வாழ்ந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றும் கும்பினிக்காரர்கள் வரைபடத்திலேயே எழுதினார்கள். பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு அதை இடித்துவிட்டு வடக்கே தள்ளியதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். கேலியா, அறியாமையா என்று தெரியாதபோது, முகம் மாறாமல் ‘பார்த்தா என்ன தெரியணும்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கட்டும். அடுத்த வார்த்தையைச் சொல்ல வேண்டியது கேட்டவர் பாடு. பெரும்பாலானவர்கள் அங்கேயே சுதாரித்துக்கொள்வார்கள். ‘எங்க ஏரியாவுல எல்லாரும் நல்லவங்க’ என்று வக்காலத்து வாங்க வேண்டாம், அதில் இறங்கினால் பேச்சு நீளும், முத்திரை அப்படியே இருக்கும். மேலாளரே மறுபடி மறுபடி சொன்னால் தேதியோடு எழுதிவைத்து மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலாக அனுப்பட்டும், வாய்மொழிப் புகார் வேண்டாம். முகவரியை மறைப்பதா சொல்வதா என்பது அவள் முடிவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மறைத்தால் அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கொளத்தூர். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், மணிப்பூரிலிருந்து வந்த மாணவனைச் ‘சிங்கி’, ‘சைனா’ என்று கூப்பிட்டிருக்கிறான். பள்ளியிலிருந்து தகவல் வந்தது. அடிப்பதா?

அடிக்காதீர்கள். அடித்தால் அந்தப் பையன்மேல்தான் கோபம் திரும்பும். எங்கே கற்றான் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ரீல்ஸ், அல்லது வீட்டுப் பெரியவர்கள் வாய். வடகிழக்குக்காரர் எல்லோரையும் ‘நேபாளி’ என்றும், நேபாளி எல்லோரையும் ‘கூர்க்கா’ என்றும் நாம்தானே சொல்கிறோம்? நேபாளி மொழி 1992 முதல் நம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. டார்ஜிலிங் நேபாளி நம்மைப் போலவே இந்தியக் குடிமகன்.

இந்திய வரைபடத்தை எடுத்து வைத்து, மணிப்பூர்த் தலைநகர் இம்பால் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பிறகு 2014 ஜனவரியில் தில்லியில் நடந்ததை அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியாவைக் கடைக்காரர்கள் கேலி செய்ய, அது கைகலப்பாகி, அடிபட்ட அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான் வடகிழக்கு மக்களின் பாதுகாப்பை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. கேலி எங்கே போய் முடிந்தது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

மன்னிப்பு கேட்க வைப்பதில் ஒரு எச்சரிக்கை: வகுப்பு முழுக்கப் பார்க்க, கைகோத்து நிற்க வைக்காதீர்கள். அந்த மாணவனும் காட்சிப்பொருள் ஆகிவிடுவான்.

வண்ணாரப்பேட்டை. தெரியாமல் ஒருவர் மனம் புண்படப் பேசிவிட்டால், எப்படிச் சரிசெய்வது? ‘நான் அந்த அர்த்தத்துல சொல்லல’ என்றால் இன்னும் கோபப்படுகிறார்கள்.

அந்த வரிதான் கெடுக்கிறது. அது உங்கள் மனசைப் பற்றிய பேச்சு, அடிபட்டவர் அவர். ‘நீங்க அப்படி எடுத்துக்கிட்டா சாரி’ அதைவிட மோசம், பழி அவர் தலையில் விழுகிறது.

‘அப்படிச் சொன்னது தப்புங்க. மன்னிச்சிடுங்க. இனிமே சொல்லமாட்டேன்.’ இவ்வளவே போதும். நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்த நாலு பேர் காதிலும் விழும்படி கேளுங்கள். தனியாகச் சொல்லியிருந்தால் தனியாக. அரை மணி நேரம் உருகினால், கடைசியில் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அவர் உடனே சிரிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுதான் அவர் நம்புவார்.

எண்ணூர். இனத்தைச் சொல்லித் திட்டினால் என்ன வழக்கு வரும்?

இனம், பிறந்த இடம், மொழி காரணமாகப் பிரிவினருக்கிடையே பகையைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 196-ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்தால் அதே சட்டத்தின் 352-ஆவது பிரிவு. திட்டப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, திட்டியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால், பொதுப் பார்வையில் இழிவுபடுத்தியதற்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. வடகிழக்குக்காரர் எல்லோரும் பழங்குடியினர் அல்லர், மணிப்பூரின் மெய்தெய் மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இல்லை. புகாரில் பேசிய வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்று பொதுவாக எழுதிக்கொடுத்தால் வழக்கு பலவீனமாகும்.