‘ஆர்.ஐ.பி.’ போட மனம் வரவில்லை, வேறென்ன எழுதுவது?

கேள்வி: கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழியின் அம்மா போன வாரம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவள் திருநெல்வேலியில், நான் புனேயில். துட்டிக்குப் போக முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் ‘ஆர்.ஐ.பி.’ போட்டார்கள். தனியாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் நாலு வரி எழுதி அழித்துவிடுகிறேன். எட்டு நாள் ஆகிவிட்டது. இனி எழுதினால் தப்பாகுமா? எங்கள் அறை முழுவதற்கும் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பியவர் அந்த அம்மா.
- வாசகி, புனே

பதில்: எட்டு நாளெல்லாம் ஒரு தாமதமா? துக்க வீட்டில் முதல் வாரம் போன் பெரும்பாலும் சித்தப்பா மகன் கையில்தான் இருக்கும். பதினாறு கழிந்து, பந்தல் பிரித்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். அப்போதுதான் உங்கள் தோழி போனைக் கையில் எடுப்பாள். குரூப்பில் வேண்டாம், தனியாக அனுப்புங்கள்.

என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றா பாடுகிறார்கள்? சந்தைக்குப் போனால் என்ன வாங்கி வருவாரு, வாசலில் எப்படி நின்று கூப்பிடுவாரு என்று போனவரைப் பற்றித்தான் பாடுவார்கள். நீங்களும் அந்தப் புளிக்காய்ச்சலைப் பற்றியே எழுதுங்கள். இந்த மாதிரி:

“அம்மா போயிட்டாங்கன்னு கேட்டதிலிருந்து அந்தப் புளிக்காய்ச்சல் பாட்டில்தான் கண்ணுக்குள்ளேயே நிக்குது. லீவு முடிஞ்சு நீ வர்றப்போ முதல்ல உன் பையைத்தான் தேடுவோம். உங்க அம்மா கையால எவ்வளவு சாப்பிட்டிருக்கேன்டி. நீ பதில் எதுவும் போட வேண்டாம்.”

அவ்வளவு போதும். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருநூறு பேருக்கு ‘நன்றி’ டைப் செய்வது துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு தனிப் பாரம். முடிவில் ஆறுதலாக ஏதாவது சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் ‘போயிட்டு வர்றேன்’ சொல்வதில்லையே, பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். எழுத்திலும் அப்படியே நிறுத்தலாம்.

அப்புறம், ‘முன்னாடியே டாக்டரிடம் காட்டியிருக்கலாமே’ என்ற பேச்சு வேண்டாம். அதை நேரில் கேட்பதற்கென்றே நாலு பேர் வந்திருப்பார்கள். ‘தைரியமா இரு’ என்பதும் வேண்டாம், அழ வேண்டிய நேரத்தில் அழட்டும். ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லு’ என்றால் யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். லீவு கிடைக்கும் தேதியைப் பார்த்து, ‘இந்தச் சனிக்கிழமை வர்றேன், ரெண்டு நாள் உன்கூட இருப்பேன்’ என்று பிறகு ஒரு நாள் தனியாக அனுப்புங்கள். டிக்கெட் போட்டபின் அனுப்பினால் இன்னும் நல்லது.