எலூசிஸ் ஆட்டம்: ‘மாமா ஏமாத்துறாங்க’ என்று பிள்ளைகள் ஏன் எழுந்து போனார்கள்?

கேள்வி: விடுமுறைக்கு வந்த அக்கா பிள்ளைகள் மூவரோடு எலூசிஸ் ஆடினேன்; ஒருவர் போடும் ரகசிய விதியை மற்றவர்கள் சீட்டு இறக்கி, சரி, தப்பு கேட்டுக் கண்டுபிடிக்கும் சீட்டாட்டம் அது. ரகசிய விதி போட்டது நான். ‘கடைசி இரண்டு சீட்டின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் அடுத்தது கருப்பு; வகுபடாவிட்டால் கடைசிச் சீட்டைவிடப் பெரிய சிவப்பு.’ தப்பான சீட்டை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒரு மணி நேரமாகியும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ‘மாமா ஏமாத்துறாங்க’ என்று சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எப்படிப்பட்ட விதி போட வேண்டும்?

பதில்: பிள்ளைகள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கடைசியாக விழுந்தவை ஒரு 7, ஒரு ராஜா என்று வையுங்கள். ராஜாவுக்கு 13 என்றால் கூட்டுத்தொகை 20, மூன்றால் வகுபடாது. ஆக, ராஜாவைவிடப் பெரிய சிவப்புச் சீட்டு வேண்டும். அது கட்டிலேயே கிடையாது! எதைப் போட்டாலும் தப்பு. உங்கள் விதி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

விதி போடுபவருக்குத் தன் விதி எப்போதும் சுலபமாகத்தான் தெரியும். விடை கையில் இருக்கிறதல்லவா? அதனால் சப்பென்று தோன்றுகிற விதியையே போடுங்கள். ‘கடைசிச் சீட்டு ஒற்றைப்படை என்றால் அடுத்தது கருப்பு, இரட்டைப்படை என்றால் சிவப்பு’ என்பது நான் எப்போதும் முதலில் சொல்லித்தருவது. எந்த நேரத்திலும் கட்டில் பாதிச் சீட்டு செல்லும், பாதி செல்லாது. ஆகவே ஒவ்வொரு சீட்டும் ஏதாவது துப்புக் கொடுக்கும். பத்தில் ஒன்றுதான் செல்லும் என்கிற விதியில் ‘தப்பு, தப்பு’ என்பதைத் தவிர எதுவும் காதில் விழாது.

இன்னொன்று, தப்பான சீட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். சரியான சீட்டுகள் இடமிருந்து வலமாக வரிசையில் போகட்டும். தப்பானது, எந்தச் சீட்டுக்கு அடுத்ததாகப் போட்டார்களோ அதற்குக் கீழே கிடக்கட்டும். மேலே சொன்ன விதியில் ஒரு ஆட்டம் பாருங்கள். ஆர்ட்டின் 7, கிளாவர் 4, டைமன் 10. இதுவரை பார்த்தவர் ‘சிவப்பு, கருப்பு மாறி மாறி’ என்றுதான் நினைப்பார். இஸ்பேட் 2 போடுகிறார். தப்பு, 10-க்குக் கீழே போகிறது. அடுத்தவர் ஆர்ட்டின் 9 போட, அது செல்கிறது. சிவப்புக்கு மேல் சிவப்பு! மூன்றாமவர் ஆர்ட்டின் 3 இறக்குகிறார், தப்பு, 9-க்குக் கீழே. பிறகு இஸ்பேட் ஜாக்கி (11), கிளாவர் 6, இரண்டும் சரி. இப்போது 10-க்கும் 9-க்கும் கீழே கிடக்கும் அந்த இரண்டு சீட்டுகள்தான் சாட்சி. அவை கையில் ஒளிந்திருந்தால் எந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும்?

பிள்ளைகளுக்கும் ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுங்கள். 1960-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, அவற்றுக்குப் பின்னால் உள்ள விதியைக் கேட்டார். விதி வெறும் ஏறுவரிசைதான். பலரும் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்குப் பொருந்துவதையே சொல்லிப் பார்த்துவிட்டு, தப்பான விதியை அடித்துச் சொன்னார்கள். எலூசிஸிலும் இதே கதைதான். ‘மாறி மாறி நிறம்’ என்று சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே அதே நிறத்தை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தண்டனை பலமாக இருந்தால் யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. முழு ஆட்டத்தில் ஒரு தப்புக்கு இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். வீட்டில் ஒன்று போதும்.

இதை 1956-இல் உருவாக்கியவர் ராபர்ட் அபட் என்ற அமெரிக்கர். ஏதென்ஸ் அருகே எலூசிஸில், தீட்சை பெற்றவர்கள் வெளியே சொல்லக் கூடாத சடங்குகள் நடந்தன; பெயர் அங்கிருந்து வந்தது. மார்ட்டின் கார்ட்னர் 1959-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியபின் பரவலாகத் தெரியவந்தது. அபட் பின்னர் திருத்தியமைத்த ஆட்டத்தில் விதி போடுபவரைக் ‘கடவுள்’ என்றும் சொல்வதுண்டு. அதில் எனக்குப் பிடித்தது கடவுளுக்கு மதிப்பெண் போடும் முறை. ஆடுபவர்களில் அதிகம் எடுத்தவரின் மதிப்பெண்தான் அவருக்கும். எல்லோரும் திணறினால் எல்லோர் கையும் நிறைந்தே கிடக்கும். மதிப்பெண் ஏறாது, கடவுளுக்கும் ஒன்றும் தேறாது. யாராவது சீக்கிரமே விதியைக் கண்டுபிடித்து, ‘தீர்க்கதரிசி’ என்று அறிவித்துக்கொண்டு, பிறர் போடும் சீட்டுக்குத் தானே சரி, தப்பு சொல்லத் தொடங்கிக் கடைசிவரை தப்பாமல் நின்றாலும் கடவுளின் மதிப்பெண்ணுக்கு வரம்பு விழுந்துவிடும். ஆக, ரொம்பச் சுலபமும் ஆகாது, ரொம்பக் கடினமும் ஆகாது. மதிப்பெண் எழுதாமல் ஆடுவதால்தான் பெரியவர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டக் கிளம்பிவிடுகிறோம்.

சீட்டுப் போடும் முன்பே விதியைத் தாளில் எழுதி, மடித்து, ஒரு டம்ளருக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஆசு 1, ராஜா 13 என்பதையும் எழுதுங்கள். ‘கடைசி ஒரு சீட்டைப் பார்த்தால் போதும்’ என்று ஒரு குறிப்பைச் சத்தமாகவே கொடுக்கலாம்.

அடுத்த சுற்றுக்குப் பிள்ளைகளில் ஒருவரைக் கடவுளாக உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளை எழுதும் விதி எங்காவது முட்டுகிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்தால் ஆட முடியாது. தாளை ஆட்டத்தில் சேராத உங்கள் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.