மோட்டார்ஹோமில் இருக்கும் மூன்று தொலைக்காட்சிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து இணைப்புக் கொடுப்பது எப்படி?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேட்டவரின் நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவரும் ஜோகூரில் இருக்கும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். முன்கூடத்தில் பெரிய தொலைக்காட்சி, பிள்ளைகளின் அடுக்குக் கட்டிலருகே சின்னது ஒன்று, பின்னால் படுக்கையறையில் இன்னொன்று. கூரையில் ஆன்டெனா, அலமாரியில் சாட்டிலைட் பெட்டி, இணையப் படங்களுக்கு ஒரு ஸ்டிக். "எல்லாம் எல்லாத் திரையிலும் வர வேண்டும், என்ன பெட்டி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு எந்தப் பெட்டியும் வாங்காதீர்கள்.

சிங்கப்பூரில் உணவகங்கள், திருமண மண்டபங்கள், துணைப்பாட நிலையங்கள் என்று இருபது வருடமாகத் திரை பொருத்தி வயர் இழுக்கும் வேலை எனக்கு. மோட்டார்ஹோம் என் தொழிலில் வராது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் அப்படியொரு வண்டியை நிறுத்த யாருக்கு இடம் இருக்கிறது? ஆனால் ஜோகூர் பாருவில் இருக்கும் என் அக்காள் கணவர், ஓய்வு பெற்ற கையோடு, ஜப்பானில் ஓடித் தேய்ந்த சிற்றுந்து ஒன்றை வாங்கிப் படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிவிட்டார். வயர் வேலை யார் தலையில் விழும்? நான்கு சனிக்கிழமைகள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று போய் வந்தேன். கீழே சொல்வதெல்லாம் அங்கே கற்றது, பாதி என் தவறுகளிலிருந்து.

முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இரவு ஒன்பது மணிக்கு எந்தத் திரையில் யார் என்ன பார்ப்பார்கள்? எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்ப்பார்கள் என்றால் வேலை வேறு, செலவு வேறு. ஆளுக்கொன்று பார்ப்பார்கள் என்றால் முற்றிலும் வேறு. அத்தான் என்னைக் கேட்காமலேயே இணையத்தில் நான்குக்கு நான்கு எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டு போகும் இணைப்பு) மேட்ரிக்ஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நான்கு பெட்டிகளை நான்கு திரைகளுக்கு எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கும் கருவி அது. சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தமும் பேரனின் கார்ட்டூனும் தவிர அந்த வண்டியில் வேறு எதுவும் ஓடவில்லை என்பது இரண்டு பயணங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மேட்ரிக்ஸ் இப்போது கட்டிலுக்கடியில் செருப்புப் பெட்டியோடு கிடக்கிறது.

ஆன்டெனாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலிவானதும் பலர் கெடுப்பதும் இதுதான். சிங்கப்பூர் 2019 தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. மலேசியாவும் அதே ஆண்டு நிறுத்தியது. இரண்டு நாடுகளிலும் இப்போது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறைதான். ஆகவே சிங்கப்பூரில் வாங்கிய தொலைக்காட்சி அங்கும் வேலை செய்யும். ஆனால் உங்கள் வண்டி ஜப்பானிலிருந்து வந்து, அதிலேயே தொலைக்காட்சியும் இருந்தால் கவனம்: ஜப்பானின் ஒளிபரப்பு முறை வேறு, அந்தத் தொலைக்காட்சிக்குள் இருக்கும் ட்யூனர் இங்கே எதையும் பிடிக்காது. அத்தான் வண்டியின் பின்னறையில் இருந்தது அப்படிப்பட்டதுதான். அரை நாள் ஆன்டெனா கேபிளைக் குடைந்த பிறகுதான் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தேன், முழுக்க ஜப்பானிய எழுத்து. அதற்கு எச்டிஎம்ஐ மட்டும்தான் வழி, அல்லது தனியாக ஒரு டிவிபி-டி2 பெட்டி.

ஒரே ஆன்டெனாவைப் பல தொலைக்காட்சிகளுக்குக் கொடுக்க ஸ்பிளிட்டர் போதும். கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபல் குறையும், அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவான சிக்னல்தான் மிஞ்சும். நான்காகப் பிரித்தால் சுமார் 7 டெசிபல், ஐந்தில் ஒரு பங்கு. நல்ல ஆர்ஜி6 வகை ஆன்டெனா கேபிள் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல்தான் தின்னும். வண்டி நீளமாக இருக்கிறதே என்று கேபிளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், தேவைக்கு மேல் வாய் உள்ள ஸ்பிளிட்டரை மாட்டி அதைவிட அதிகம் இழக்கிறார்கள். இரண்டு தொலைக்காட்சிக்கு இரண்டு வாய் ஸ்பிளிட்டர்தான். ஏற்கெனவே பெரியது மாட்டியிருந்தால், காலியான வாயில் 75 ஓம் மூடியைத் திருகிவிடுங்கள். சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

கூரை ஆன்டெனாவுக்குள் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது, பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 5 வோல்ட். அந்த மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டி, ஆன்டெனாவுக்கும் ஸ்பிளிட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஸ்பிளிட்டருக்குப் பின்னால் மாட்டினால், மின்சாரத்தைக் கடத்தாத ஸ்பிளிட்டர் அதை அங்கேயே நிறுத்திவிடும். பூஸ்டர் தூங்கும், மூன்று திரையிலும் "சிக்னல் இல்லை" என்று வரும், நீங்கள் ஆன்டெனாவைக் குறை சொல்வீர்கள்.

அத்தான் வண்டியில் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனாலும் படம் வரவில்லை. கூரைக்கடியில் கேபிள் முனையில் இருந்த எஃப் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. கேபிளின் வெளிப்பின்னலிலிருந்து தலைமுடி போல ஒற்றைக் கம்பி பிரிந்து, நடுச்செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூஸ்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட் அங்கேயே ஷார்ட் ஆகிவிட்டது. மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் 'பீப்' என்று கத்தும். கத்தினால் இரு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் போடுங்கள். திருகிப் போடும் கனெக்டர் வேண்டாம், ஓடும் வண்டியின் அதிர்வில் தளர்ந்துவிடும். இறுக்கிப் பொருத்தும் வகையே நல்லது.

ஜோகூர் பாருவில் நிறுத்தியிருக்கும்போது இன்னொரு கூத்து உண்டு. வசந்தம் வேண்டுமென்றால் ஆன்டெனா தெற்கே புக்கிட் பாத்தோக் பக்கம் பார்க்க வேண்டும். மலேசிய ஒளிவழிகளுக்கு வடமேற்கே கூனோங் பூலாய் பக்கம். ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு உள்ளே வந்து தேட வேண்டும். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு மிக அருகில் இருந்தால் பூஸ்டரை அணைத்துப் பாருங்கள். சிக்னல் அளவுக்கு மீறினாலும் படம் உறையும். பழைய அனலாக்கில் புள்ளி புள்ளியாகத் தெரிந்து நமக்குக் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். டிஜிட்டலில் வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

சாட்டிலைட்டைப் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூர் வீடுகளில் தட்டு வைக்கும் வழக்கம் கிடையாது என்பதால் நம் ஆட்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள். தட்டிலிருந்து வரும் கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரில் மாட்டி இரண்டு பெட்டிகளுக்குக் கொடுக்க முடியாது. பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் தட்டின் முனையில் உள்ள கருவியை, அலை அதிரும் ஒரு திசையிலிருந்து (செங்குத்து, கிடை போல) இன்னொன்றைப் பிடிக்கும்படி மாற்றுகிறது. இரண்டு பெட்டிகள் ஒரே கேபிளில் இரண்டு கட்டளை இட்டால் ஒன்றுதான் ஜெயிக்கும். தவிர, ஆன்டெனா ஸ்பிளிட்டர் சுமார் 1000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும், சாட்டிலைட் கேபிளில் ஓடுவது 950 முதல் 2150 வரை. இரண்டு பெட்டிகளுக்கு, இரட்டை வாய் உள்ள கருவியும் இரண்டு கேபிள்களும் வேண்டும். ஒரே பெட்டி என்றால் அது பிடிக்கும் ஒரே ஒளிவழிதான் எல்லாத் திரைக்கும். பிற்பகல் மழை கொட்டும்போது படம் போவதற்கு உங்கள் வயர் காரணமல்ல, அதைச் சரிசெய்ய ஏறி நனையாதீர்கள்.

இனி எச்டிஎம்ஐ. ஒரு பெட்டியின் படத்தை மூன்று திரைக்கும் அனுப்ப எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போதும், கேட்க எளிதாக இருக்கும். ஆனால் திரைகள் ஒரே வயதாக இருப்பதில்லை. ஒவ்வொரு தொலைக்காட்சியும் "எனக்கு இன்ன அளவுப் படம்தான் செரிக்கும்" என்று பெட்டிக்கு ஒரு குறிப்பை அனுப்புகிறது, அதன் பெயர் ஈடிஐடி. சில ஸ்பிளிட்டர்கள் மூன்று குறிப்பையும் வாங்கி, இருப்பதிலேயே பலவீனமானதற்கு ஏற்ப எல்லாவற்றையும் இறக்கிவிடும். அத்தானின் முன்கூடத்தில் புத்தம்புது 4கே திரை. பின்னறை ஜப்பான்காரருக்கு 1366க்கு 768 புள்ளிகள்தான். பின்னறைத் தொலைக்காட்சியைப் போட்ட மறுகணம் முன்கூடத்துப் படம் மங்கியது. "கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது, தம்பி" என்றார் அத்தான். கண்ணாடியில் குறை இல்லை. ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாக அளவைக் குறைத்துத் தரும் வசதி உள்ள ஸ்பிளிட்டராகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் உள்ள சிறு விசையை 1080 அளவில் நிறுத்தி, எல்லோரும் அதையே பார்த்துக்கொள்ளுங்கள். 43 அங்குலத்தில், சோபாவிலிருந்து பார்த்தால், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதோடு எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டும் உண்டு. 4கே படங்களுக்கு அதன் 2.2 பதிப்பு தேவை. நடுவில் உள்ள ஏதாவது ஒரு கருவிக்கு அது தெரியாவிட்டாலும் கறுப்புத் திரை, அல்லது படம் தரம் குறைந்து வரும். வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள்.

நீளமும் பார்க்க வேண்டும். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 1080 படத்தை 10 மீட்டர் வரை ஒழுங்காகக் கொண்டு போகும், 4கே என்றால் 5 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. வண்டி 7 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அலமாரிக்குள் ஏறி, கூரை ஓரமாக வளைந்து, பின்சுவரில் இறங்குவதற்குள் 11 மீட்டர் ஆகிவிட்டது எங்களுக்கு. அதனால் உள்ளே ஒளியிழை உள்ள எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். மெல்லியது, இழுக்கச் சுலபம். மூன்று மணி நேரம் கூரைத் தகடுகளைக் கழற்றி, இழுத்து, திருகுகளைத் திரும்பப் போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொருகினால் படம் இல்லை. பெட்டியை மாற்றினேன், இல்லை. தொலைக்காட்சியை மாற்றினேன், இல்லை. கேபிள் முனையை முகத்தருகே கொண்டு வந்தபோதுதான் சிறிய எழுத்துகள் கண்ணில் பட்டன. பெட்டியில் சொருக வேண்டிய முனை என் கையில், படுக்கையறையில் இருந்தது. அந்த வகைக் கேபிளில் சிக்னல் ஒரே திசையில்தான் போகும். இருபது வருட அனுபவம்! அக்காள் காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது இன்னும் மோசம். திருப்பிப் போட்ட அந்தக் கேபிளின் நுனியில் நூல் கட்டி வெளியே இழுத்ததால் மறுபடி போடும் வேலை முக்கால் மணியில் முடிந்தது. நீங்கள் எந்தக் கேபிளை இழுத்தாலும் கூடவே ஒரு நூலையும் விட்டுவையுங்கள். கூரையை மூடுமுன் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாடுலேட்டர் என்று ஒன்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள். எச்டிஎம்ஐ படத்தை ஆன்டெனா கேபிளிலேயே ஒரு ஒளிவழியாக ஏற்றிவிடும். மண்டபங்களில் நான் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் பூட்டுப் போட்ட படங்களை முறையான மாடுலேட்டர் ஏற்காது, உங்கள் சாட்டிலைட் பெட்டியும் ஸ்டிக்கும் அந்த வகைதான். வண்டிக்கு அது வேண்டாம்.

ஆளுக்கொன்று பார்க்கும் குடும்பம் என்றால் வீடியோ கேபிளையே மறந்துவிடலாம். வண்டிக்குள் சிம் போடும் ரௌட்டர் ஒன்று, ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஸ்டிக். செலவு மேட்ரிக்ஸைவிடக் குறைவு. இணையம் இல்லாத காட்டுப்பாதைக்கு, ரௌட்டரின் யுஎஸ்பி வாயில் படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொருகுங்கள். வண்டிக்குள் உள்ள வைஃபைக்கு வெளியுலகம் தேவையில்லை. சிங்கப்பூரின் இணையத் தொலைக்காட்சிச் சேவையான மீவாட்ச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பல நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்குள் மட்டும்தான் ஓடும்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். டீசல் சிற்றுந்துகளில் பெரும்பாலும் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. 12 வோல்ட் தொலைக்காட்சிக்காக அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பவர்கள் உண்டு. ஒன்று எப்போதும் பசியாகவும் மற்றொன்று அளவுக்கு மீறித் தின்றும் இரண்டுமே சீக்கிரம் சாகும். 24ஐ 12 ஆக்கும் மாற்றியைப் போடுங்கள். ஓட்டுநர் கண்ணில் படும் திரை, கைப்பிரேக் இழுத்தால் மட்டும் எரியும்படி இணைத்துவிடுங்கள்.

பின்னறையிலிருந்து முன்னால் உள்ள பெட்டியின் ஒளிவழியை மாற்ற, ரிமோட்டின் கட்டளையைக் கடத்தும் சிறு கண் ஒன்று கிடைக்கும். அதன் வயரையும் அதே கூரை வழியில் இப்போதே போட்டுவிடுங்கள், பிறகு திறக்க மனம் வராது. கடைசியாக அந்த ஆன்டெனா. தூக்கி வைத்தபடியே கிளம்பினால் முதல் கார்நிறுத்த உயரக் கம்பியில் போய்விடும். அத்தானுக்கு ஒருமுறை போயிருக்கிறது. இப்போது ஆன்டெனாவைத் தூக்கியதும் அக்காள் வண்டிச் சாவியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுகிறார், இறக்கிய பிறகுதான் அவிழ்க்கிறார்.