ஹரித்வார் பயணம்: தண்ணீரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

ஹரித்வார் போகத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் இந்த இதழில். பெரும்பாலோர் முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு, பிறகுதான் ஊரைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த ஊருக்கு மட்டும் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: ஆயுதபூஜை விடுமுறை முடிந்து தீபாவளிக்குள் ஒரு வாரம் கிடைக்கிறது. குழந்தைகளோடு ஹரித்வார், ரிஷிகேஷ் போய் வரலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேறு தேதி பாருங்கள். ஹர் கி பௌரி படித்துறையைத் தொட்டு ஓடுவது கங்கையின் முழு ஆறு அல்ல. ஊருக்குச் சற்று மேலே பீம்கோடாவில் தடுப்பணை இருக்கிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி கிழக்கே நீலதாரா என்ற பெயரில் அகலமாகப் போகிறது. மற்றது படித்துறைகள் வழியாக ஓடி, 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய்க்குள் நுழைகிறது. இந்தக் கால்வாயைத் தூர்வாரிப் பழுது பார்ப்பதற்காக ஆண்டுதோறும் விஜயதசமியை ஒட்டி மூடுவார்கள், தீபாவளியை ஒட்டித் திறப்பார்கள். நீங்கள் சொல்லும் வாரம் சரியாக அதற்குள் விழுகிறது.

மற்ற நாட்களில் படியில் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடிக்காமல் நிற்க முடியாத இடத்தில் அப்போது கணுக்கால் அளவோ முழங்கால் அளவோதான் தண்ணீர் இருக்கும். கூழாங்கல்லும் மணலும் வெளியே தெரியும். ஆற்றில் விழுந்த காசுகளைத் தேடி ஆட்கள் மணலை அரித்துக்கொண்டிருப்பார்கள். நீர் அடியோடு நின்றுவிடாது. ஹர் கி பௌரியில் ஓட்டம் அறுபடக் கூடாது என்று விடுதலை இயக்கத் தலைவர் மதன் மோகன் மாளவியா போராடி, 1916இல் ஆங்கில அரசுடன் உடன்பாடு கண்டிருக்கிறார். தலையில் தெளித்துக்கொண்டு வரலாம். ஆனால் இவ்வளவு தூரம் போய்க் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய கங்கை அதுவல்ல.

தேதியை மாற்றவே முடியாதென்றால் ரிஷிகேஷில் தங்குங்கள். அது தடுப்பணைக்கு மேலே இருக்கிறது. கால்வாய் மூடுவதால் அங்கே திரிவேணி படித்துறையில் நீர் குறையாது.

நல்ல காலம் இரண்டு. தீபாவளி முடிந்த நான்காம் நாளிலிருந்து நவம்பர் கடைசி வரை ஒன்று. மழை ஓய்ந்து நீர் பச்சை கலந்த தெளிவோடு ஓடும், மூடுபனி தொடங்கியிருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் ஊரைவிட வழிதான் தொல்லை, மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் பிந்தும். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வடநாட்டுப் பள்ளி விடுமுறையும் பத்ரி, கேதார் யாத்திரையும் அதே சமயத்தில் வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர் சேறாக, வேகமாக வரும்.

எந்தக் காரணம் கொண்டும் தவிர்க்க வேண்டியது காவடி யாத்திரை. வடநாட்டவர் 'காங்வட்' என்பார்கள். வடநாட்டுச் சிராவண மாதத்தின் முதல் இரண்டு வாரம், நமக்கு ஆனி கடைசியோ ஆடியோ ஆக இருக்கும். கோடிக்கணக்கானோர் கங்கை நீர் எடுக்க வருவார்கள். டெல்லி நெடுஞ்சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். அறை கிடைத்தாலும் அறைக்குப் போய்ச் சேர முடியாது. அமாவாசை திங்கட்கிழமையில் வந்தாலும், கங்கை பூமிக்கு இறங்கிய நாளாகக் கொண்டாடும் கங்கா தசரா அன்றும், கார்த்திகைப் பௌர்ணமியன்றும் இதன் சிறு பதிப்பைப் பார்க்கலாம். 2027 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அர்த்த கும்பமேளா. அந்த ஆண்டு மட்டும் மார்ச் மாதப் பரிந்துரையை மறந்துவிடுங்கள்.

கேள்வி: டெல்லி வரை ரயில், அங்கிருந்து ஹரித்வாருக்கு இன்னொரு ரயில். இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: குறைந்தது 5 மணி நேரம், குளிர்காலத்தில் ஒரு முழு இரவு. 2,000 கி.மீ.க்கு மேல் ஓடி வரும் ரயிலை நம்பி ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி சேரும். ஹரித்வார் வழியாகப் போகும் டேராடூன் சதாப்தி அதே நிலையத்திலிருந்து காலை 7 மணிக்கு முன்பே கிளம்பிவிடும். இரண்டையும் சேர்க்க முயலாதீர்கள். மதியத்துக்கு மேல் புறப்படும் ஜன் சதாப்தியோ, மாலையில் ஆனந்த் விஹாரிலிருந்து கிளம்பும் வந்தே பாரத்தோ நிம்மதி.

உங்கள் ஊர் வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீன் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஆனந்த் விஹாருக்கு மெட்ரோ ரயிலின் பிங்க் லைன் நேராகப் போகிறது. பெட்டிகள் குறைவாக இருந்தால் டாக்சியைவிட அதுவே மேல்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் பெயர், வயது ஒரே மாதிரி இருக்கட்டும். எடுத்த பிறகு இரண்டு பி.என்.ஆர். எண்களையும் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் இணைத்துவிடுங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இணைத்த டிக்கெட்டுக்குத்தான் பிடித்தமில்லாமல் பணம் திரும்பும். அதற்கும் உடனே விண்ணப்பிக்க வேண்டும், ஊர் திரும்பிய பிறகு கேட்டால் கிடைக்காது.

விமானத்தில் போகிறவர்களுக்கு டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையம்தான் பக்கம். அங்கிருந்து ரிஷிகேஷ் ஹரித்வாரைவிட அருகில். ஆகவே முதலில் ரிஷிகேஷ், பிறகு ஹரித்வார், அங்கிருந்து ரயில் என்று அமைத்தால் ஒரே வழியில் இரண்டு முறை போக வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. எந்தப் பக்கம் அறை எடுக்கலாம்? மானசா தேவி கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: 'ஹர் கி பௌரிக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து அறை போட்டுவிடாதீர்கள். அந்தக் கடைவீதிகளுக்குள் வண்டி போகாது. நெரிசல் நாட்களில் பேட்டரி ரிக்‌ஷாவையும் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டியோடும் அம்மாவோடும் சந்துக்குள் நடக்க வேண்டிவரும். ரயில் நிலையத்திலிருந்து படித்துறை இரண்டரைக் கி.மீ.க்குள்தான். இரண்டுக்கும் நடுவில், வண்டி வாசலில் வந்து நிற்கக்கூடிய விடுதியாகப் பாருங்கள். பதிவு செய்யும் முன் தொலைபேசியில் இரண்டே கேள்வி: வாசல் வரை கார் வருமா, லிஃப்ட் இருக்கிறதா?

குளிப்பதற்கும் ஹர் கி பௌரியே வேண்டுமென்பதில்லை. அதற்குக் கீழே விஷ்ணு படித்துறை, பிர்லா படித்துறை என்று வரிசையாக இருக்கின்றன. அதே நீர், கூட்டம் குறைவு. படிகள் பாசி பிடித்து வழுக்கும். நீருக்குள் கால் வைக்கும் முன்பே சங்கிலி கைக்கு வந்துவிட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். எடுத்தவுடன் முழுக்குப் போடாமல், முதலில் செம்பில் மொண்டு காலிலும் கையிலும் விட்டுப் பழக்குங்கள். கம்பித் தடுப்புக்கு அப்பால் நீச்சல் தெரிந்தவர்களும் போகக் கூடாது. ஆழத்தைவிட இழுப்புதான் ஆளைக் கொண்டுபோகிறது.

மானசா தேவி கோயில் மலை மேல் இருக்கிறது, ரோப் கார் உண்டு. மேலே இறங்கிய பிறகும் கொஞ்சம் படி ஏறவேண்டும். வாரநாளில், காலை முதல் வண்டிகளில் போனால் அம்மாவால் முடியும். ஞாயிறு வேண்டவே வேண்டாம். 2025 ஜூலையில் ஒரு ஞாயிறு காலை, அந்தக் கோயிலின் படிவழியில் ஏற்பட்ட நெரிசலில் உயிர்கள் போயின. பிரசாதப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பறிக்கும். சண்டி தேவி கோயில் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு மலையில் இருக்கிறது, அதற்குத் தனி ரோப் கார். முழங்கால் வலியோடு ஒரே நாளில் இரண்டும் அதிகம்.

கேள்வி: தந்தையின் அஸ்தியைக் கரைக்கப் போகிறோம். இந்தி தெரியாது. என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: விமானத்தில் போவதானால் மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டின் நகல்களும் அஸ்தியோடு கூடவே இருக்கட்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் எக்ஸ்-ரேயில் உள்ளே இருப்பது தெரியாது, திறந்து காட்டச் சொல்லும் நிலை வரலாம். மரப் பெட்டி அல்லது கெட்டி மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, துணி சுற்றி எடுத்துப் போங்கள். கைப்பையிலா, பெட்டியிலா என்பதை அந்த விமான நிறுவனத்திடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரயிலில் இந்தக் கவலை இல்லை.

ஹரித்வாரில் தீர்த்த புரோகிதர்களைப் பண்டா என்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சமூகத்துக்கும் ஒரு பண்டா குடும்பம் என்ற பிரிவு தலைமுறைகளாக இருக்கிறது. வந்துபோன குடும்பங்களின் வம்சாவளியை 'வஹி' எனப்படும் நீண்ட பேரேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் முன்னோர் யாராவது வந்திருந்தால் அவர் பெயர் அதில் இருக்கக்கூடும். அதனால் பூர்வீக ஊர், பழைய மாவட்டப் பெயர், கோத்திரம், நான்கு தலைமுறைப் பெயர்கள் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் இந்தி எழுத்திலும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மொழிச் சிக்கலில் பாதி இதிலேயே தீரும். பேரேட்டில் முன்னோர் பெயர் இல்லையென்றாலும் வருந்த வேண்டாம், உங்கள் பெயரிலிருந்து புதிதாக எழுதிக்கொள்வார்கள். நம் முறைப்படிதான் மந்திரம் வேண்டுமென்றால் ஊர் வாத்தியாரிடம் பேசி, அங்கே யாரைப் பார்ப்பது என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

தட்சணையைச் சங்கல்பத்துக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும். இதில் கூச்சம் கூடாது. சிலர் கையில் நீரை விட்ட பிறகு 'இத்தனை ரூபாய் தானம் என்று சொல்லுங்கள்' என்பார்கள். துக்கத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் மறுக்க மாட்டார். 'சாமான், தட்சணை, படகு, எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று கேட்டு, அந்தத் தொகையைத் தனி உறையில் போட்டு வையுங்கள். மற்ற பணம் அதே பையில் இருக்க வேண்டாம். நிலையத்திலோ வீதியிலோ தானாக வந்து கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்.

கரைக்கும்போது கடைசிப் படியில் உட்கார்ந்து, கையை நீர்மட்டத்துக்கு இறக்கி விடுங்கள். நின்றபடி கொட்டினால் காற்றில் சாம்பல் உங்கள் மேலேயே வரும். துணியையும் டப்பாவையும் ஆற்றில் போடாதீர்கள். கூட்டம் வேண்டாமென்றால் ஹரித்வாரை ஒட்டிய கன்கலில் உள்ள சதி படித்துறையிலும் அஸ்தி கரைக்கிறார்கள். அருகிலேயே தட்சேஸ்வர் மகாதேவ் கோயில் இருக்கிறது. கால்வாய் மூடிய நாட்களில் போக நேர்ந்தால் நீலதாரா ஓடும் சண்டி படித்துறைப் பக்கம் கேளுங்கள்.

கேள்வி: கங்கை ஆரத்தியைச் சரியாகப் பார்க்க எங்கே உட்கார வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஹர் கி பௌரியில் நடக்கும் ஆரத்திக்கு அந்தி நேரம்தான் கணக்கு. குளிர்காலத்தில் ஐந்தரை மணிவாக்கில், கோடையில் ஏழு மணிவாக்கில். ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். படித்துறையில் உள்ள கங்கை கோயில் பக்கமே உட்கார்ந்தால் அர்ச்சகர்களின் முதுகுதான் தெரியும். பாலத்தைக் கடந்து, மணிக்கூண்டு இருக்கும் எதிர்ப்புறத் திட்டில் அமர்ந்தால் தீபங்கள் முகத்துக்கு நேராக வரும். ரசீதுப் புத்தகத்தோடு நன்கொடை கேட்டு வருவார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம், இடத்துக்குக் கட்டணம் கிடையாது. பூத்தொன்னை விளக்கை ஆரத்தி முடிந்த பிறகு விடுங்கள், கூட்டம் கலைந்தால் நீர் அருகே போகலாம். விடியற்காலை ஆரத்தியும் உண்டு. அமைதி விரும்புகிறவர்களுக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: சாப்பாடு எப்படி?
– வாசகி, சேலம்

பதில்: ஊருக்குள் இறைச்சி, முட்டை, மது மூன்றுக்கும் தடை. காலையில் பூரி, கச்சோரி, உருளைக்கிழங்குக் குழம்பு. மதியம் ரொட்டியோடு பருப்பும் சாதமும் கிடைக்கும். இட்லி, தோசையும் உண்டு, ஆனால் சாம்பார் நம் சாம்பாராக இராது. வயதானவர்களுக்குப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால் போதும்.

கேள்வி: ரிஷிகேஷுக்கு ஒரு நாள் போதுமா? லட்சுமண ஜூலாவில் நடக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பழைய தொங்குபாலமான லட்சுமண ஜூலா 2020இலேயே பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டுவிட்டது. ராம் ஜூலாவிலும், 2020இல் திறந்த ஜானகி சேதுவிலும் ஆற்றைக் கடக்கலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 25 கி.மீ.தான். ஆனால் சனி, ஞாயிறுகளில் டெல்லிக் கார்கள் சேர்ந்து ஒரு மணி நேரப் பயணத்தை மூன்றாக்கிவிடும். செவ்வாய், புதன் உசிதம்.

நம்மவர்கள் விடக் கூடாத இடம் சிவானந்த ஆசிரமம். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்து, மருத்துவராகி, மலேயாவில் வேலை பார்த்து, 1924இல் ரிஷிகேஷ் வந்து துறவியானவர் சுவாமி சிவானந்தர். அவர் 1936இல் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் தலைமையகம் ராம் ஜூலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க அனுமதி தேவையில்லை. தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும், நேரில் போய் அறை கேட்டால் கிடைப்பது அரிது.

கேள்வி: கங்கை நீரை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?
– வாசகி, திருச்சி

பதில்: படித்துறையில் விற்கும் மெல்லிய வெள்ளைக் கேன்களின் மூடி ரயிலுக்குச் சரி, விமானத்தில் கசியும். திருகு மூடியுள்ள கெட்டியான பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். விளிம்பில் தேங்கிய நீரை விட்டு, ஓடுகிற இடத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மொள்ளுங்கள். நிரப்பியதும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் தடுக்கலாம். மழைக்காலத்தில் எடுத்த நீரில் மண் இருக்கும். ஓர் இரவு அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் செம்புக்கு இறுத்துக்கொள்ளுங்கள், அடியில் தங்கியதைத் துளசி மாடத்தில் ஊற்றிவிடலாம்.